வெள்ள நிவாரணம்: நம்முடைய வரிக்காசு யாருக்கு, எதற்கு, எந்தக் கணக்கில்?

கேள்வி சுருக்கமாக இது. 2025 நவம்பர் கடைசியில் இலங்கையைத் தாக்கிய டித்வா புயலுக்குப் பிறகு அரசாங்கம் வீட்டுக்கு 25,000, 50,000, சிலருக்கு 50 லட்சம் வரை என்று கொடுப்பனவு அறிவித்தது. "ஆற்றங்கரையில் காணி உறுதிப் பத்திரம் இல்லாமல் வீடு கட்டியவருக்கும், வாசலில் மட்டும் தண்ணீர் வந்தவருக்கும் நான் ஏன் வரி கட்ட வேண்டும்? இந்தக் காசு சரியான ஆளுக்குப் போகிறது என்று எப்படித் தெரியும்?" என்று கொழும்பில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவர் கேட்கிறார்.

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகச் சிக்கியிருக்கின்றன. கொடுப்பது நியாயமா என்பது ஒன்று. கொடுக்கும் முறை ஒழுங்கா என்பது மற்றது. முதலாவதைப் பற்றி ஊரெல்லாம் சண்டை நடக்கிறது. இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, காசு வீணாவது அங்கேதான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சின்னக் காசைக் கேள்வி கேட்காமல் வேகமாகக் கொடுக்க வேண்டும், பெரிய காசை ஆறுதலாக, ஒவ்வொரு படியிலும் பார்த்துக் கொடுக்க வேண்டும். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

முதலில் "என் வரி" என்பதைப் பார்ப்போம். 2025 ஏப்ரலில் இருந்து வருடத்துக்கு 18 லட்சம் ரூபாவுக்கு மேல், அதாவது மாதம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவரிடம்தான் தனிநபர் வருமான வரி அறவிடப்படுகிறது. சம்பளப் பட்டியலில் அந்தக் கழிவைப் பார்ப்பவருக்கு, நாடு தன்னுடைய காசில்தான் ஓடுகிறது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அரசின் வரி வருமானத்தில் பெரும் பங்கு மறைமுக வரிகளிலிருந்துதான் வருகிறது. சாமான் விலையோடு சேர்த்து எல்லாரிடமும் வாங்கும் வற் வரி 2024 ஜனவரியில் இருந்து 18 வீதம். வெல்லம்பிட்டியில் தண்ணீர் புகுந்த ஒரு குடும்பம் 25,000 ரூபாவையும் வற் உள்ள சாமான்களுக்கே செலவழித்தால், அதில் 3,800 ரூபா அளவு வரியாகத் திறைசேரிக்கே திரும்பிப் போகும். கொடுப்பனவு வாங்குபவரும் வரி கட்டுபவர்தான். இதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் மிச்ச விவாதத்துக்கு அர்த்தம் உண்டு.

காசு எங்கிருந்து வருகிறது என்பதும் தெளிவாக இருக்கட்டும். வரவு செலவுத் திட்டத்தில் ஏற்கெனவே ஒதுக்கியது போதாவிட்டால் பாராளுமன்றத்தில் குறைநிரப்பு மதிப்பீடு, அதாவது கூடுதல் செலவுக்கான கோரிக்கை, கொண்டுவர வேண்டும். அவசரத்துக்கு எடுக்க எதிர்பாராச் செலவுகளுக்கான நிதியம் ஒன்றை அரசியலமைப்பின் 151ஆம் உறுப்புரை அனுமதிக்கிறது. எடுத்த பிறகு பாராளுமன்றத்தில் ஒப்புதல் பெற வேண்டும். டித்வாவுக்குப் பிறகு 2025 டிசம்பரில் 50,000 கோடி ரூபாவுக்குக் குறைநிரப்பு மதிப்பீடு நிறைவேறியது. அதே மாதம் சர்வதேச நாணய நிதியம் சுமார் 20.6 கோடி டொலர் அவசரக் கடனுக்கு அனுமதி கொடுத்தது. கட்டடங்களுக்கும் வீதி, பாலம் போன்றவற்றுக்கும் நேர்ந்த நேரடிச் சேதத்தை உலக வங்கி 410 கோடி டொலர் என்று மதிப்பிட்டது. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 4 வீதம். கடன் வாங்கிக் கொடுப்பது இலவசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது நாளைய வற். அதனால் கணக்குக் கேட்கும் உரிமை உங்களுக்கு முழுமையாக உண்டு.

இனி அந்த 25,000. இது இழப்பீடு என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டைத் துப்புரவாக்கி மறுபடி உள்ளே போய் இருப்பதற்கான காசு அது. களனி கங்கையின் தண்ணீர் புகுந்த வீட்டை மனதில் வையுங்கள். ஆற்று நீர்மட்டத்தைக் காட்டும் நாகலகம் வீதி அளவுகோலில் 5 அடி என்றால் சிறு வெள்ளம், 7 அடி என்றால் பெரு வெள்ளம். பெரு வெள்ளத்தில் கொலன்னாவை, சேதவத்தை, கொட்டிகாவத்தைப் பக்கத்துத் தாழ்ந்த வீடுகளில் தண்ணீர் வந்த வேகத்தில் போகாது. இரண்டு நாள், மூன்று நாள் என்று நிற்கும். வடிந்த பிறகு தரையில் விரல் கனத்துக்குச் சேறு. மலக்குழி நிரம்பி அந்தத் தண்ணீரும் கலந்திருக்கும். சிப்போட் அலுமாரி கீழிருந்து ஊதி, கதவு மூடாது. பஞ்சு மெத்தையைக் காய வைத்தாலும் நாற்றம் போகாது, எறியத்தான் வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் கீழே இருப்பதால் ஒன்றரை அடித் தண்ணீரே போதும், போய்விடும். சுவரில் தாழ்வாக உள்ள பிளக் பொயின்ற் எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்காமல் மெயின் சுவிட்சைப் போட்டால் ஆள் சாக இடமுண்டு. மின்சாரம் பார்க்க ஒருவர், மலக்குழி உறிஞ்சுவதற்கு பவுசர், குளோரின் தூள், கையுறை, இரண்டு மூன்று நாள் வேலைக்குப் போகாத கூலி. 25,000 இதற்கே போய்விடும். வீட்டு உபகரணத்துக்கென்று தனியாக 50,000 வைத்ததற்குக் காரணம் இதுதான்.

இந்தக் கட்டத்தில் உறுதி இருக்கிறதா, சட்டபூர்வமான வீடா, வாடகையா சொந்தமா என்று கேட்பது பிழை. சேறும் மலமும் கலந்த வீட்டில் பிள்ளைகள் இருந்தால் வயிற்றோட்டமும் எலிக்காய்ச்சலும் அந்த வீட்டோடு நிற்காது. அடுத்த தெருவில் வருமான வரி கட்டுபவரின் வீட்டுக்கும் வரும். துப்புரவுக் காசு பொதுச் சுகாதாரச் செலவு. அது முதல் வாரத்துக்குள் கையில் கிடைக்க வேண்டும். ஆறு வாரம் கழித்துக் கிடைத்தால் வட்டிக்கு வாங்கிய கடனை அடைக்கத்தான் உதவும்.

"தண்ணீர் வராத வீட்டுக்கும் காசு போனதே" என்பது அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. போகும். ஆனால் இதில் இரண்டு வகைப் பிழை உண்டு: கிடைக்கக் கூடாதவருக்குக் கிடைப்பது, கிடைக்க வேண்டியவருக்குக் கிடைக்காமல் போவது. முதலாவதை அயலவர் உடனே சொல்வார், படம் எடுத்துப் போடுவார். இரண்டாவது வகை ஆட்கள் எங்கேயும் தெரிவதில்லை. அவர்கள் பட்டியலிலேயே இல்லை. கணக்கைப் பாருங்கள்: முழுச் சேதம் என்று பிழையாக எழுதப்பட்ட ஒரே ஒரு 50 லட்சம், பிழையாகப் போன 200 துப்புரவுக் கொடுப்பனவுகளுக்குச் சமம். மேற்பார்வைக்கு ஆட்கள் குறைவென்றால் அவர்களை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

பட்டியல் எப்படி உருவாகிறது என்று தெரியாமல் இதைப் பேச முடியாது. அடிப்படை அலகு கிராம அலுவலர் பிரிவு. கொழும்பு மாவட்டத்தில் 557 பிரிவுகள். 2012 குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தில் 23 லட்சத்துக்கு மேல் சனம். சராசரியாக ஒரு கிராம அலுவலருக்கு 4,000 பேருக்கு மேல் வருகிறது, நகருக்குள் நெருக்கமான பிரிவுகளில் இதைவிடக் கூட. வதிவிடச் சான்றிதழ், வாக்காளர் இடாப்பு, பொலிஸ் முறைப்பாடு என்று அன்றாடம் இருக்கும் வேலைகளோடு ஒரே வாரத்தில் ஆயிரம் வீட்டுக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். அவர் தரும் விபரத்தைப் பிரதேச செயலகம் சரிபார்த்து மாவட்டச் செயலகத்துக்கு அனுப்பும். தேசிய அனர்த்த நிவாரண சேவைகள் மையத்தின் ஊடாகவும் திறைசேரி ஊடாகவும் காசு இறங்கும். வங்கிக் கணக்குக்குப் போகும். ஐந்து இடத்தில் கை மாறுகிறது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு பெயர் விழலாம்.

கொழும்பில் பெயர் விழுவதற்கு முதல் காரணம், எதை ஒன்று என்று எண்ணுவது என்ற குழப்பம். வீடா, குடும்பமா? கிராண்ட்பாஸ், மட்டக்குளி, முகத்துவாரம் பக்கத்தில் நாம் தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளில் இலக்கம் 45 என்று ஒரு வாசல் இருக்கும். உள்ளே 45/1 முதல் 45/30 வரை போகும். அதில் ஒரே இலக்கத்தில் கீழே அம்மா, மேலே கலியாணம் முடித்த மகள், பின்னால் வாடகைக்கு ஒரு குடும்பம். மூன்று அடுப்பு, ஒரு மின்சாரப் பட்டியல். வீட்டுக்கு ஒன்று என்றால் யார் கையெழுத்து வைப்பது என்று குடும்பத்துக்குள் சண்டை. குடும்பத்துக்கு ஒன்று என்றால் திடீரென்று ஒரே வீட்டில் ஐந்து குடும்பம் முளைக்கும். இதற்குத் தீர்வு கடினமானதல்ல. துப்புரவுக் காசு தண்ணீர் புகுந்த தளத்துக்கு, அதாவது நனைந்த தரைக்கு ஒன்று. உபகரணக் காசு தனி அடுப்புக்கு ஒன்று. சுற்றறிக்கையில் இதை ஒரு வரியில் தெளிவாக எழுதாவிட்டால் ஒவ்வொரு பிரிவிலும் ஒவ்வொரு விதமாக நடக்கும். பக்கத்துப் பிரிவைப் பார்த்து ஆத்திரம் வருவதும் அதனால்தான்.

இரண்டாவது காரணம் பதிவு. நுவரெலியாவிலிருந்தும் பதுளையிலிருந்தும் வந்து கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகளின் வாக்கு ஊரில், வாழ்க்கை இங்கே ஒரு போடிங் அறையில். வெள்ளத்தில் அவர்கள் இழந்தது ஒரு மெத்தை, ஒரு அடுப்பு, உடுப்பு, சில வேளை சான்றிதழ்கள். வீட்டுச் சொந்தக்காரருக்குக் கொடுப்பனவு கிடைக்கும், அறையில் இருந்தவருக்குக் கிடைக்காது. இடாப்பை மட்டும் நம்பிப் பட்டியல் போட்டால் இதுதான் நடக்கும். இடைத்தங்கல் முகாமில் எடுத்த பதிவை இடாப்போடு சேர்த்துப் பார்க்கும் வழக்கம் வந்தால் இந்த ஓட்டையில் பாதி அடைபடும்.

மூன்றாவது காரணம் கேட்கச் சின்னது, ஆனால் ஆட்களை மாதக் கணக்கில் அலைய வைப்பது: பெயர். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் வேறு எழுத்து. தமிழ்ப் பெயர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்படும்போது முதலெழுத்து மாறும், தகப்பன் பெயர் முன்னே போகும் பின்னே வரும். வங்கி காசைத் திருப்பி அனுப்பிவிடும். திருப்பி அனுப்பியது பிரதேச செயலகத்துக்குத் தெரியும், சம்பந்தப்பட்டவருக்குத் தெரியாது. கணக்கு நீண்ட காலம் பாவிக்காமல் செயலிழந்து கிடப்பதும் இதே கதி. கொடுத்ததாகக் கணக்கில் இருக்கும், கையில் வராது.

பெரிய காசுக்கு வருவோம். முழுதாக இடிந்த வீட்டைக் கட்ட 50 லட்சம் வரை என்பது நம் நாட்டு நிவாரண வரலாற்றில் பெரிய தொகை. சுனாமிக்குப் பிறகு முழுச் சேதத்துக்கு 2,50,000 ரூபா, பகுதிச் சேதத்துக்கு 1,00,000 என்று கட்டம் கட்டமாகக் கொடுத்தார்கள். அப்போது நடந்ததைத் தெரிந்துகொள்வது இப்போது உதவும். கரையோரம் முழுக்க ஒரே நேரத்தில் கட்டத் தொடங்கியதால் மேசன் கூலியும் மணலும் கல்லும் விலை ஏறின. அறிவித்த தொகை அப்படியே நின்றது. அத்திவாரமும் அரைச் சுவருமாக வீடுகள் நின்றன. கடலிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று தடை வலயம் அறிவித்தார்கள். வலயத்துக்குள் இருந்தவருக்குச் சொந்தக் காணியில் கட்டக் காசு இல்லை, மாற்றுக் காணியும் உடனே இல்லை. பிறகு வலயத்தைத் தளர்த்தினார்கள். காத்திருந்தவருக்குக் காலம் போனதுதான் மிச்சம். வடக்கு கிழக்குக்கு உதவியைப் பங்கிட அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே 2005 ஜூனில் கைச்சாத்தான பொதுக் கட்டமைப்பு உடன்படிக்கைக்கு அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. காசைக் கையில் வைத்திருப்பவர் யார், பட்டியலை எழுதுபவர் யார் என்பதில் சண்டை பிடித்தால் எந்தக் காசும் அசையாது என்பதற்கு அதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

கட்டம் கட்டமாகக் கொடுப்பது சரியான முறை. அத்திவாரம், லிண்டல் மட்டம், கூரை, பூச்சு வேலை என்று ஒவ்வொரு மட்டத்திலும் தொழினுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்த பிறகு அடுத்த தவணை. பிழை நடக்கும் இடம் இரண்டு. முதல் தவணை தாமதமானால் அதற்குள் வாடகைக் கடன் ஏறியிருக்கும், அத்திவாரக் காசு அங்கே போகும். உத்தியோகத்தர் வர மூன்று வாரம் ஆனால் மேசன் வேறு வேலைக்குப் போய்விடுவார், திரும்ப அழைக்கும்போது கூலி கூடியிருக்கும். மேற்பார்வை என்றால் தாமதம் என்று அர்த்தமாகக் கூடாது. பத்து வீட்டுக்கு ஒரு நாள் என்று திகதி குறித்து வந்து பார்த்தால் மேற்பார்வையும் நடக்கும், வேலையும் நிற்காது.

பகுதிச் சேதத்தை மதிப்பிடுவதில் கொழும்புக்கு என்றே ஒரு சிக்கல் உண்டு. கொலன்னாவையைச் சுற்றிய தாழ்நிலம் பழைய சதுப்பு. அடியில் இருப்பது உக்கிய இலைதழை கலந்த கரிய மண். வெள்ளம் வடிந்து நிலம் காயும்போது அது அமுங்கும். சுவர் வெடிப்பு முதல் வாரத்தில் தெரியாது, மாதம் ஒன்று கழித்து ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும். மதிப்பீட்டுக் குழு வந்த நாளில் சுவர் நன்றாகத்தான் இருந்திருக்கும். மறு மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது மூன்று மாத இடைவெளி இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த இடைவெளி இல்லாத திட்டம் ஏமாற்றுக்காரரைத் தடுக்காது, அமுங்கும் நிலத்தில் இருப்பவரை மட்டும் தடுக்கும்.

மலைநாட்டில் நிலைமை இதைவிடக் கசப்பானது, அதையும் கொழும்பில் இருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டும். லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கும் குடும்பத்துக்கு அந்த அறை சொந்தமில்லை, காணியும் சொந்தமில்லை. வீட்டுச் சொந்தக்காரருக்கு இழப்பீடு என்று விதி எழுதினால் தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தவர் பட்டியலுக்கு வெளியே நிற்பார். கட்டக் காசு கிடைத்தாலும் எந்தக் காணியில் கட்டுவது? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தப்பியவர்களுக்குப் புது வீடு கையில் கிடைக்க ஏறத்தாழ இரண்டு வருடம். அதுவரை பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் பல குடும்பங்கள் மறைப்புக் கட்டி இருந்தன. அங்கே காசைவிடக் காணிதான் பிரச்சினையாக இருந்தது. 50 லட்சம் என்ற அறிவிப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஏழு பேர்ச்சஸ் பாதுகாப்பான காணி எங்கே என்று சேர்த்துச் சொல்லாத வரை மலையகக் குடும்பத்துக்கு அது அறிவிப்பு மட்டும்தான்.

இன்னொரு வகை வீடு உண்டு: ஒரு வெடிப்பும் இல்லை, ஆனால் மேலே மலை பிளந்திருக்கிறது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அபாயம் என்று சொன்னால் வெளியேற வேண்டும். அறிக்கை எழுத்தில் வரும்வரை அந்தக் குடும்பம் சேதமடைந்தவர் பட்டியலிலும் இல்லை, வீட்டுக்குத் திரும்பவும் முடியாது. புவிச்சரிதவியலாளர்கள் எண்ணிக்கை குறைவு, ஒரே மாதத்தில் ஆயிரக்கணக்கான இடம் பார்க்க வேண்டும். அறிக்கைக்காகக் காத்திருக்கும் காலத்துக்கு வாடகைக் கொடுப்பனவு தானாகவே தொடங்க வேண்டும். வரி கட்டுபவராக நீங்கள் ஆதரிக்க வேண்டிய செலவு ஒன்றை என்னிடம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஆற்றங்கரைக் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். களனியின் வெள்ளத் தடுப்பு அணைக்கும் ஆற்றுக்கும் நடுவில், அணையின் பிழையான பக்கத்தில் வீடுகள் இருக்கின்றன. அங்கே மறுபடி மறுபடி தண்ணீர் வரும். அவர்களுக்குத் துப்புரவுக் காசும் உணவும் உண்டு, அதே இடத்தில் கட்டக் காசு இல்லை, வேறு இடம் போகக் காசு உண்டு என்பதே சரியான வரிசை. மண்சரிவு அபாய வலயங்களிலிருந்து குடியேற்றும் திட்டத்தில் முன்பு காணிக்கு 4 லட்சம், வீட்டுக்கு 12 லட்சம் என்று கொடுத்தார்கள். பலர் வாங்கிப் புது வீடும் கட்டிவிட்டுப் பழைய வீட்டிலேயே இருந்தார்கள். அதைப் பேராசை என்று சொல்லிக் கடந்து போவது இலகு. மிளகுக்கொடியும் தேயிலையும் பழைய காணியில்தான் நிற்கின்றன, பள்ளிக்கூடமும் அங்கேதான். கொழும்பில் தொடர்மாடிக்கு மாற்றப்பட்ட குடும்பங்களிலும் இதே கதை: கீழே அப்பம் சுட்டு விற்ற பெண்ணுக்கு எட்டாம் மாடியில் வாடிக்கையாளர் இல்லை. மூன்று சக்கர வண்டியை இரவில் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை, பராமரிப்புக் கட்டணம் மாதா மாதம். ஆகவே இடமாற்றக் காசின் கடைசித் தவணையைப் பழைய வீட்டை இடித்த அன்று கொடுக்க வேண்டும். பயிர்க்காணி அபாயமில்லாமல் போய் வரக்கூடியதாக இருந்தால் பகலில் பயிர் செய்ய விட வேண்டும். இரவில் தங்கத்தான் கூடாது. இந்த இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதினால் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள்.

அனுமதி இல்லாமல் கட்டிய ஏழையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நிறுத்துவதும் நேர்மையாகாது. கொழும்பின் சதுப்பு நிலத்தை அனுமதி வாங்கியே நிரப்பிக் கட்டிய மதில்களும் களஞ்சியசாலைகளும் உண்டு. அந்தத் தண்ணீர் எங்கேயாவது போகத்தானே வேண்டும்? 2010 நவம்பர் மழையில் பாராளுமன்ற வளாகமே மூழ்கியது. அதன் பிறகுதான் 2012இல் உலக வங்கியின் 21.3 கோடி டொலர் கடனோடு கால்வாய், சுரங்க வழி, நீர் இறைக்கும் நிலையம் என்று பெரிய வேலை தொடங்கியது. அதுவும் வரிக்காசுதான். வெள்ளம் வந்த பிறகு கொடுக்கும் காசு கண்ணுக்குத் தெரிகிறது, வராமல் தடுத்த காசு தெரிவதில்லை.

காப்புறுதியும் அப்படித்தான். 2016 ஏப்ரலில் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் ஊடாக நாட்டின் வீடுகளுக்கும் சிறு வியாபாரங்களுக்கும் அனர்த்தக் காப்புறுதி தொடங்கியது. கட்டுப்பணம் அரசாங்கத்துடையது, ஒரு வீட்டுக்கு 25 லட்சம் வரை. அடுத்த மாதமே களனி பெருகியது, அரநாயக்கவில் மலை சரிந்தது. 2017இல் தென்பகுதி மூழ்கியது. கட்டிய பணத்தைவிடக் கேட்ட பணம் பல மடங்கு கூட, காப்புறுதி கொடுப்பவர் தனக்கென்று எடுக்கும் மீள்காப்புறுதியின் விலை ஏறியது. வெள்ளம் இல்லாத வருடத்தில் இந்தக் கட்டுப்பணம் வீண் செலவாகத் தெரியும், அப்போதுதான் அதை வெட்டுவார்கள். வரவு செலவுத் திட்டம் வாசிக்கும் நாளில் நீங்கள் தேட வேண்டிய ஒதுக்கீடு அது.

பெற வேண்டியவர் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தண்ணீர் நிற்கும்போதே கதவு நிலையோடு சேர்த்து ஒரு படம் எடுங்கள், வீட்டு இலக்கம் தெரிய வேண்டும். வடிந்ததும் கழுவுவதற்கு முன் சேற்றுக் கோட்டின் மேல் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். எறியும் மெத்தையையும் அலுமாரியையும் ஒன்றாகக் குவித்து ஒரு படம். சேறு கழுவிய பிறகு குழு வந்தால் காட்ட வேறு ஒன்றும் இருக்காது. கிராம அலுவலரிடம் பெயர் கொடுத்ததற்கு விண்ணப்ப இலக்கமோ திகதியிட்ட ரசீதோ கேளுங்கள், குறைந்தது அவருடைய பதிவேட்டில் உங்கள் பெயர் உள்ள இடத்தைப் படம் எடுங்கள். வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். மாறியிருந்தால் வங்கிக்கு முதலில் போய்த் திருத்திவிட்டு விண்ணப்பியுங்கள், கணக்கு செயலில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால் புரியாமல் கையெழுத்து வைக்க வேண்டாம். பகுதிச் சேதம் என்ற பெட்டியில் புள்ளடி விழுந்துவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் உரிமை தருகிறது. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு, பிரதேச செயலாளருக்கு மேன்முறையீடு எழுதுங்கள்.

வரி கட்டுபவராகக் கேட்க விரும்பும் நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. முகப்புத்தகத்தில் ஒரு வீட்டின் படத்தைப் போட்டு இவருக்கு ஏன் என்று கேட்பதால் அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் அவமானப்படும், கணக்கில் ஒரு சதமும் மாறாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தின் தகவல் அதிகாரிக்கு விண்ணப்பியுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கும், பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.

கேள்வியை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் பதில் இருக்கிறது. "நிவாரணத்தில் ஊழல் நடந்ததா" என்று கேட்டால் ஒன்றும் வராது. ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவுக்கும் எத்தனை விண்ணப்பம், எத்தனை அங்கீகாரம், எத்தனை நிராகரிப்பு, எத்தனை கொடுப்பனவு வங்கியிலிருந்து திரும்பியது, மறு மதிப்பீட்டில் எத்தனை மாறியது என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம் கேட்க வேண்டாம், தனிப்பட்ட தகவல் என்ற காரணத்தைக் காட்டி முழு விண்ணப்பத்தையும் தள்ளிவிட அது வழி கொடுக்கும். 10 லட்சத்துக்கு மேற்பட்ட கொடுப்பனவுகளுக்கு மட்டும் வீதியின் பெயர், தவணை, மேற்பார்வை செய்த திகதி கேளுங்கள். இரண்டு பக்கத்துப் பிரிவுகளின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தானாகத் தெரியும்: ஒரே ஆறு, ஒரே தண்ணீர் மட்டம், ஆனால் ஒன்றில் நிராகரிப்பு நூற்றுக்கு ஐந்தும் மற்றதில் நூற்றுக்கு நாற்பதும் என்று வந்தால், போய்க் கதவைத் தட்ட வேண்டிய இடம் எது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். திரும்பிய கொடுப்பனவுகளின் எண்ணிக்கையைக் கட்டாயம் கேளுங்கள். அந்தக் காசு திறைசேரிக்குப் போய்ச் சேர்வதற்கு முன், டிசம்பர் கணக்கு மூடுவதற்குள் கேட்டால், பெயரில் ஒரு எழுத்துப் பிழையால் நின்றுபோன ஆட்களுக்கு அது இன்னும் போய்ச் சேர வழி இருக்கும்.